ஆறடித் தண்ணீர்

பதுளை, ஆவணி 12, வியாழன்.

இன்று எஞ்சினியர் துரையோடு ஊர் நீர்த்தேக்கத்தை அளக்கப் போனேன். துரை கரையை விட்டு இறங்கவில்லை. தூரக்கண்ணாடியில் அளவுக் கம்பத்தைப் பார்த்து "ஆறடி" என்றார். கம்பத்தடியில் ஐந்தடிக்குச் சேறு இறுகிக் கிடக்கிறது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உள்ளதை எழுதினால் தேயிலை ஆலைக்குப் போகும் குழாயை மூடவேண்டும். ஆலைத் துரை இவருடைய சீட்டாட்டக் கூட்டாளி.

வழக்கப்படி நானும் தமிழில் "ஆறடி" என்று உரக்கத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டேன்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்து முனியம்மா அப்போது குடத்தோடு தண்ணீரில் இறங்கியிருந்தாள். லயத்துக்கு ஊற்றுநீர் விழும் பீலி வற்றி ஒரு மாதமாகிறது. அவள் நேரே போய் அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆறடிங்களா ஐயா? எனக்கு முழங்காலே நனையலீங்களே!"

துரைக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார்.

"தண்ணீரில் இறங்கியதற்கு மன்னிப்புக் கேட்கிறாள், துரை" என்றேன்.

பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டார்.