கிழிந்த பாயைத் திருடியவன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் நலம். சிட்னியில் குளிர் விட்டுவிட்டது.

லூப்பே அத்தையின் அடக்கத்துக்கு முந்தின நாள் யாரோ என் காரின் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். கவலைப்படாதீர்கள், நான் காரில் இல்லை. லேப்டாப் போனது. துக்கத்துக்கு இடுப்பில் கட்ட நீங்கள் டோங்காவிலிருந்து அனுப்பிய பெரிய கிழிந்த பாயும் போய்விட்டது.

போலீஸ்காரர் கேட்டார்: "கிழிஞ்ச பாயா? அதைப் போய் எவன் எடுப்பான்?"

அறைத்தோழன் ஃபெலெட்டி சிரித்தான். "உன்னைவிட இல்லாதப்பட்டவன் ஒருத்தன் இருக்கான்டா."

அப்பாவின் அக்காவான அத்தை முன்னால் நாம் தாழ்ந்தவர்கள் என்று அந்தக் கிழிசல்தானே சொல்லும்? இரவல் கேட்கலாம் என்றால், எல்லோருடையதும் அவரவர் இடுப்பில். சர்ச்சுக்குக் கட்டும் சின்னப் புதுப் பாயோடு போனேன்.

அத்தை மகள் சேலோட்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "துரை கல்யாணத்துக்கு வந்திருக்காரு போல."

நடந்ததைச் சொல்லியிருக்கலாம். அத்தையின் உடலருகே அது வெறும் சாக்காக ஒலிக்கும் என்று தோன்றியது. தாழ்ந்த முறைக்காரர்கள் செய்யும் நம் வழக்கப்படி பின்பக்கம் சமையல் வேலைக்குப் போனேன். அங்கும் யாரும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை, ஒரு விறகுகூட எடுத்துத் தரச் சொல்லவில்லை. என் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அம்மா.

சேலோட்டேயிடம் நீங்களே பேசுங்கள். என் ஃபோனை அவள் எடுப்பதில்லை. பழைய பாய் ஒன்று கிடைத்தால் அனுப்புங்கள், எவ்வளவு கிழிந்திருந்தாலும் சரி. அதைக் கட்டிக்கொண்டு கல்லறைக்குத் தனியாகப் போய் நிற்க வேண்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் செமிசி