அக்கா எடுக்காத பொட்டலம்

மாமா,

மஞ்சக்குப்பத்து வணிகர் சங்கத்தில் உங்கள் படத்தைத் திறக்கப் போவதாகச் சொன்னார்கள். சுவரில் மாட்ட நல்ல போட்டோ ஒன்று வேண்டுமாம். அதைத் தேடித்தான் சிதம்பரம் ஆபீசில் உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்தேன். நீங்கள் போய் ஒரு வருஷமாகியும் அதில் யாரும் கை வைக்கவில்லை. மரியாதையால் அல்ல, சாவி எங்கே என்று தெரியாததால். பூட்டுக்காரரைக் கூப்பிட்டுத் திறந்ததும் குப்பென்று திருநீற்று வாசனை வந்தது. மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னால், நாள்காட்டித் தாளில் மடித்துச் சிவப்பு நூல் சுற்றிய பொட்டலம் ஒன்று கிடந்தது.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அன்றைக்கு அக்கா எடுக்காமல் விட்டது அதுதான். போட்டோவை மறந்துவிட்டு உங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன்.

புவனகிரியில் நம் அரிசி மில்லுக்குப் புதுக் குடோன் கட்ட இடம் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? ஒன்று, வெள்ளாற்றை ஒட்டிய தாழ்வான நிலம். மெயின் ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும், உங்கள் பெயரைப் பெரிதாக எழுதலாம். இன்னொன்று, உள்ளே தள்ளி இருந்த மேட்டு நிலம். அந்தப் பக்கம் போகிறவன் வருகிறவன் கண்ணில் படாது. ஆற்றோர நிலத்தில் ஒரு பழைய மோட்டார் கொட்டகை இருந்தது. அதன் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கறை. உங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். நீங்கள் செருப்பு முனையால் அதைத் தட்டிவிட்டுச் சிரித்தீர்கள்.

“அது பழைய கறை மச்சான். தண்ணி வரும் தண்ணி வரும்னு பயந்துட்டே இருந்தா தொழில் பண்றது எப்படி? பயந்தவன்லாம் மாசச் சம்பளத்துக்குப் போவட்டும்.”

உங்கள் துணிச்சல் மொத்தமும் இவ்வளவுதான் மாமா. கேள்வி கேட்டவனைப் பயந்தாங்கொள்ளி ஆக்குவது. விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றவனை நீங்கள் ஆளாகவே மதித்ததில்லை. சரக்குக்கு இன்சூரன்ஸ் போடலாம் என்றேன். “கட்டறதுக்கு முன்னாடியே அபசகுனம் பேசாத” என்றீர்கள். கண்ணை மூடிக்கொண்டு காரை ஓட்டுகிறவருக்கு ஊரில் என்ன பெயரோ தெரியாது. உங்களுக்கு முதலாளி என்று பெயர்.

நான் விடவில்லை. என் பங்குக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றேன். அப்போதுதான் திடீரென்று பக்திமான் ஆனீர்கள்.

“சரி, நீயும் வேணாம், நானும் வேணாம். சாமியக் கேட்டுடலாம். உங்க அக்காவே எடுக்கட்டும், அப்பவாச்சும் ஒத்துப்பியா?”

நம் வீட்டு வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பொட்டலத்தில் திருநீறு, இன்னொன்றில் குங்குமம். மில் வாசல் பிள்ளையார் முன்னால் இரண்டையும் வைத்து ஒன்றை எடுப்பது. திருநீறு வந்தால் செய்யலாம், குங்குமம் வந்தால் விட்டுவிட வேண்டும். எடுக்காததைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, பார்த்தால் சாமி வாக்கைச் சந்தேகப்பட்டதாகிவிடும். யார் போட்ட சட்டமோ, உங்களுக்கென்றே போட்ட மாதிரி இருந்தது. நீங்களே மடித்தீர்கள், நீங்களே நூல் சுற்றினீர்கள். அக்கா கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். திருநீறு. மற்றதை நீங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். நான் கையெழுத்துப் போட்டேன். சாமியோடு வழக்காட எனக்குத் தெம்பில்லை.

குடோன் எழும்பியது. உங்கள் பெயரும் பெரிதாக ஏறியது. அடுத்த ஐப்பசி மழையில் மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் அந்தப் பழைய கறையைத் தேடி வந்து, அதற்கு மேலும் ஒரு முழம் ஏறி நின்றது. வடிந்த பிறகு ஷட்டரைத் தூக்கினோம். நெல் மூட்டைக்குள்ளேயே முளைத்திருந்தது. சாக்கைக் குத்திக்கொண்டு பச்சையாக எட்டிப் பார்த்தது. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அதற்குக்கூட உங்களை மன்னித்திருப்பேன் மாமா. நெல் போனால் மறு போகத்துக்கு வரும். துக்கம் கேட்க வந்தவர்களிடம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து நீங்கள் சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

“சாமி உத்தரவு, நம்ம கையில என்னா இருக்கு? இவதான் எடுத்தா. இவ கைராசி அப்படி.”

அக்கா காபி டம்ளர்களோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அன்றிலிருந்து அவள் கை முடங்கியது. புது நெல் வந்தால் முதல் கை அள்ளி மரக்காலில் போடுவது வீட்டுப் பெண்தான். அவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். என் மகள் கல்யாணத்தில் பந்தக்காலுக்கு மஞ்சள் பூசக் கூப்பிட்டேன். “என் கை வேணாம்டா, கொழந்த நல்லா இருக்கட்டும்” என்றாள். நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். கேசரி நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினீர்கள். அதற்குப் பிறகும் சங்கத்து மேடைகளில் ஏறித் துணிந்து முடிவெடுப்பது எப்படி என்று இளைஞர்களுக்கு வகுப்பெடுத்தீர்கள்.

இவ்வளவையும் நினைத்துவிட்டுத்தான் நூலைப் பிரித்தேன். உள்ளே குங்குமம் இல்லை. திருநீறு.

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது, அப்புறம் உடம்பெல்லாம் எரிந்தது. ஆற்றில் எறிந்திருக்கலாமே, ஏன் வைத்திருந்தீர்கள்? திருநீற்றைக் கண்ட இடத்தில் போட்டால் பாவம் என்று பயந்திருப்பீர்கள். வெள்ளத்துக்குப் பயப்படாதவர், பெண்டாட்டியின் கண்ணீருக்குப் பயப்படாதவர், கடைசியில் ஒரு சிட்டிகை சாம்பலுக்குப் பயந்திருக்கிறீர்கள்.

ஆபீசுக்கு மேல் மாடியில் இருக்கும் வீட்டுக்குப் போனேன். அக்கா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தை முன்னால் வைத்தேன். நூலைப் பார்த்ததும் அவளுக்கும் தெரிந்துவிட்டது.

“இதுலயும் துண்ணூறா?”

“ஆமாக்கா.”

“அப்ப நான் எத எடுத்திருந்தாலும்…”

“ஆமாக்கா.”

“அவுருக்குத் தெரியுமா?”

“கட்டுனதே அவுருதானக்கா.”

உளுந்தைக் கையால் அளைந்துகொண்டே இருந்தாள். பிறகு அழாமல் சொன்னாள்: “இத்தினி வருஷம் பக்கத்துலதான படுத்திருந்தாரு. ஒரு நாளு சொல்லியிருக்கலாம்ல?”

இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் மாமா.

சங்கத்துக்காரர்கள் படத்தின் திரையை விலக்க அக்காவைத்தான் கேட்டிருந்தார்கள். அவள் முன்பே முடியாது என்றிருந்தாள், காரணம் உங்களுக்குத் தெரியும். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, “வரேன்னு சொல்லிடு” என்றாள்.

விழாவில் தலைவர் பேசினார். நீங்கள் எதையும் ஒரு நிமிஷத்தில் முடிவு செய்வீர்களாம், ரிஸ்க் எடுப்பதில் சிங்கமாம். சிங்கம் வெள்ளாற்றில் நெல் முளைக்கவிட்ட கதை அவருக்கும் தெரியும். ஆனாலும் செத்தவருக்குச் சங்கத்தில் தோல்வியே கிடையாது. என்னையும் பேசச் சொன்னார்கள். “மாமா எந்த முடிவு எடுத்தாலும் ரெண்டு பொட்டலத்தையும் அவரே கட்டுவார், அடுத்தவங்கள நம்ப மாட்டார்” என்றேன். அப்படிக் கைதட்டினார்கள். அக்கா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரியும். பிறகு எழுந்து போய், அந்த ராசியில்லாத கையால் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள்.

இந்தத் தை மாதம் முதல் லோடு நெல் வந்தது. யாரும் கூப்பிடவில்லை. அக்கா தானாகவே வந்து, முதல் கை அள்ளி மரக்காலில் போட்டாள். தாலியோடு இருந்தவரை ஒளித்து வைத்த கை அது. இப்போது எதற்கு என்று ஒரு குரல் பின்னால் முணுமுணுத்தது. அக்கா திரும்பிப் பார்த்தாள். அதோடு நின்றது.

குடோன் இப்போது மேட்டு நிலத்தில் இருக்கிறது, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. மில்லில் யார் என்ன யோசனையோடு வந்தாலும், நடந்தால் என்ன லாபம் என்று அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறேன். நடக்காவிட்டால் யார் தலையில் விடியும் என்றும் கேட்கிறேன். அதற்குப் பதில் இல்லாதவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சிய படிப்பு அது ஒன்றுதான்.

உங்கள் படம் மஞ்சக்குப்பத்துச் சுவரில் மாலையோடு இருக்கிறது. உங்கள் பொட்டலம் என் மேசை மேல், எல்லோர் கண்ணிலும் படும்படி, பிரித்தபடியே இருக்கிறது.