சித்திக்குப் போன வீடியோ

என் அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே வெளிநாட்டில் நீயும் நலம் என்று உன் சித்தி சொல்லித் தெரிந்துகொண்டேன். இருமல் விட்டுவிட்டதாம், புதிதாக வந்த மேலாளர் தங்கமான மனிதராம், சமையலறைக் குழாய் ஒழுகுவதும் நின்றுவிட்டதாம். நல்ல செய்தி யார் வாயால் வந்தால் என்ன, எனக்குச் சந்தோஷம்தான். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பதினாறு தடவை சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் அது முடியாது. உட்கார்ந்து முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அப்பா மருந்துக் கடையில் இப்போது மதியம் வரைதான் நிற்கிறார், முட்டி ஒத்துழைக்கவில்லை. ஊருக்கெல்லாம் வலி மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர் தனக்கு ஒன்று போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார். நம் டிரைவிங் ஸ்கூல் வண்டிக்குப் புது கிளட்ச் போட்டாயிற்று. இந்த மாதம் ஏழு பேர் படிக்கிறார்கள். அதில் ஒருவர் பல் டாக்டர், கியரைப் பிடித்தால் பல் பிடுங்குகிற மாதிரியே பிடிக்கிறார். என் வேலை எப்போதும் போலத்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் பக்கம் இருக்கிற பிரேக்கின் மேல் வலது காலை வைத்துக்கொண்டு, யார் யாருடைய உயிரையோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். இருபத்தாறு வருஷத்தில் அந்த பிரேக் ரப்பரை மட்டும் ஒன்பது தடவை மாற்றியிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் சித்தி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நாங்கள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை, உன் சித்தப்பா "வாங்க அண்ணி, நம்ம பொண்ணு வாங்கப்போற வண்டியைப் பாருங்க" என்று டிவியைப் போட்டுவிட்டார். அவர்கள் வீட்டு டிவி உனக்குத் தெரியுமே, சுவர் முழுக்க இருக்கும். அதில் வெள்ளி நிறத்தில் ஒரு கார், பெரிய மனிதர்கள் போகிற கார், நீ கதவைத் திறந்து காட்டுகிறாய், தோல் சீட்டைத் தடவிக் காட்டுகிறாய், "ஒன்பது வருஷ வண்டி, ரெண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு சித்தி, வாங்கலாமா, சித்தப்பாகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்று உன் குரல். நான் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி என் முகத்தைப் பார்த்து "உனக்கு அனுப்பியிருப்பாள்னு நினைச்சேன்க்கா" என்றாள். நான் உடனே "அனுப்பினாளே, போன வாரமே பார்த்துட்டேன்" என்று சொன்னேன். பொய். ஒரு பொய் சொன்னால் அதோடு போகிறதா. "அப்ப உள்பக்கம் என்ன கலர்னு சொல்லு பார்ப்போம்" என்று அவள் கேட்கவில்லைதான், ஆனால் கேட்டுவிடுவாளோ என்று சாப்பிட்டு முடிகிற வரை பயந்துகொண்டே இருந்தேன். என்ன சாப்பிட்டேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கிளம்புகிற நேரத்தில் சித்தி சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். "அம்மாகிட்ட சொன்னா வாங்குறதுக்கு முன்னாடியே பிரேக் போட்டுடுவாங்கன்னு பயப்படுறாக்கா" என்றாள். உன் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து எழுத எனக்குத் தெரியாது. வண்டியைப் பற்றிக் கேட்க இந்தக் குடும்பத்தில் ஆள் யார், சொல். உன் சித்தி என்னிடம் நாலு நாள் வண்டி கற்றுக்கொண்டு, ஐந்தாம் நாள் "தலை சுத்துதுக்கா" என்று இறங்கிப் போனவள். இன்று வரை பின் சீட்டு மகாராணி. உன் சித்தப்பா ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஷோரூமில் இருந்து புது வண்டி எடுப்பார், பழசை அவர்களிடமே தள்ளிவிடுவார், பானட்டைத் திறக்க எந்தப் பிடியை இழுக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாது. கண்ணாடி கழுவுகிற தண்ணீர் ஊற்றவும் ஷோரூமுக்குப் போகிறவர். அவர் உனக்கு என்ன சொன்னார், "பெரிய கம்பெனி வண்டிக்கு ரெண்டு லட்சமெல்லாம் சும்மா, என்ஜின் சத்தம் பூனை மாதிரி இருக்கு, எடுத்துடு" என்று சொன்னாராம். பூனையை அவர் எங்கே கேட்டார். ஆனால் நீ அவரைத்தான் கேட்டாய். அவர்கள் வீட்டு வாசலில் புது வண்டி நிற்கிறது, நம் வீட்டு வாசலில் தலையில் சிவப்புப் பலகை வைத்த, இரண்டு பக்கமும் ஒட்டுப் போட்ட ஸ்கூல் வண்டி நிற்கிறது. அதனால்தானோ என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் சொன்னால் "அதுக்குப் பிடிச்சிருந்தா வாங்கிக்கட்டுமே, உனக்கு என்ன" என்கிறார். எனக்கு என்னவா.

நீ இப்படிச் செய்வது இது இரண்டாம் தடவை. உனக்குப் பதினெட்டு முடிந்ததும் நான்தான் ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தேன். பத்தாம் நாள் பாலத்து ஏற்றத்தில் முன்னால் ஒரு பால் வண்டி போனது, நான் என் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தேன், வண்டி அணைந்து நின்றது, பின்னால் இருந்தவன் எல்லாம் ஹாரன் அடித்தான். நீ இறங்கி "நீங்களே ஓட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டு பாலத்தில் நடந்தே வீட்டுக்குப் போனாய். அந்தப் பால் வண்டிக்கும் நமக்கும் நடுவில் ஒரு பஸ் நிற்கிற அளவு இடம் இருந்தது. அது எனக்கு அன்றைக்கே தெரியும், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். அடுத்த வாரம் நீ எதிர் வரிசையில் இருக்கிற டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாய். கொண்டுபோய்ச் சேர்த்தது உன் சித்தி. டிரைவிங் ஸ்கூல்காரி மகள் எதிர்க் கடையில் வண்டி படிக்கிறாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. இரண்டு மாதத்தில் நீ லைசென்ஸைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாய், நான் சந்தோஷப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த ஸ்கூல்காரர் இன்றும் என்னைப் பார்த்தால் "உங்க பொண்ணு நல்லா ஓட்டுவாங்களே" என்று விசாரிப்பார். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். "என் போன்ல சத்தம் சரியா வரலை, நீ ஒரு தடவை அனுப்பு" என்று இன்னொரு பொய் சொல்லி சித்தியிடம் இருந்து அந்த வீடியோவை வாங்கினேன். என் மகள் எடுத்த படத்தைத் தங்கையிடம் கேட்டு வாங்கினேன். பதினான்கு தடவை பார்த்தேன். மூன்றாம் தடவையே ஒன்று பிடிபட்டுவிட்டது. நீ சாவியைத் திருப்பிய அடுத்த நொடியே சூடு காட்டுகிற முள் நடுவில் நிற்கிறது. அப்போதுதான் ஸ்டார்ட் செய்த வண்டியில் முள் கீழே கிடக்க வேண்டும். அப்படியானால் நீ வருவதற்கு முன்னாலேயே விற்கிறவன் வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறான். பழைய வண்டியில் புகையோ தட்டுகிற சத்தமோ இருந்தால் அது குளிர்ந்த என்ஜினை எழுப்புகிற முதல் நிமிஷத்தில்தான் தெரியும், சூடானபின் எல்லாம் பூனைதான். இதை அவ்வளவு பெரிய டிவியில் பார்த்தும் உன் சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. என் கையளவு போனில் எனக்குத் தெரிந்தது. இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று உனக்குச் சொல்லவே வேண்டாம்.

அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. செவ்வாய்க்கிழமை பாடத்தை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு, பழைய கார் விற்கிற இடத்துக்குப் போனேன். அதே வண்டி, வேறு நிறம், நீ பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவாக ஓடியது ஒன்று நின்றது. வாங்க வந்தவள் போலப் பேசினேன், கடைக்காரரும் "ஓட்டிப் பாருங்க மேடம்" என்று சாவியை நீட்டினார். நான் சாவியை வாங்காமல் நேரே போய்ப் பக்கத்து சீட்டில் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டு, "ம், எடுங்க" என்றேன். இருபத்தாறு வருஷப் பழக்கம், உடம்பு தானாகப் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் சாவியோடு வெளியே நின்றார். "மேடம், வாங்கப்போறது நீங்களா நானா" என்று கேட்டார். வெட்கத்தை விட்டு "நீங்களே ஓட்டுங்க, நான் சத்தம் கேக்கணும்" என்று சமாளித்தேன். ஓட்டினார். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, பள்ளத்தில் இறங்குவதே தெரியவில்லை, கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் வெளியே நின்றுவிடுகிறது. உனக்கு ஏன் ஆசை வந்தது என்று புரிந்தது. அப்போது முன்னால் ஒரு லாரி வேகத்தைக் குறைத்தது. என் வலது கால் ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. வெறும் மிதியடிதான். இன்னும் மிதித்தேன், முழங்கால் வரை வலித்தது. அவர் நிதானமாக, நான் மிதித்ததற்கு எவ்வளவோ பின்னால், தன் பாட்டுக்கு மிதித்தார், வண்டி லாரிக்குப் பின்னால் அலுங்காமல் போய் நின்றது. ஒன்றும் ஆகவில்லை. என் காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் வண்டி நின்றது. திரும்பி வருகிற வழியில் காலை மடக்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தேன், அது ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. நீ ஏன் என்னைக் கேட்கவில்லை என்று அந்த சீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. வருத்தம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். தெரிந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பதினான்காம் தடவை வீடியோவைப் போட்டேன். அதில் நீ வண்டியை எடுக்கப் போகிற கட்டம். விற்கிறவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உன் போனைப் பிடித்திருக்கிறான். என் இடத்தில் அவன் உட்கார்ந்திருப்பதை நினைத்தே பதின்மூன்று தடவையும் எரிச்சலில் இருந்ததால் நீ வாய்க்குள் முணுமுணுத்ததை நான் கவனிக்கவில்லை. இப்போது சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். "பெல்ட்டு, சீட்டு, மூணு கண்ணாடி, தோளுக்கு மேல ஒரு பார்வை, போலாம்" என்று சொல்கிறாய். அது என்னிடம் படிக்கிறவர்களுக்காக நான் கட்டியது. எதிர் வரிசைக்காரர் அதைச் சொல்லித்தர மாட்டார், அவர் கண்ணாடியைக் கடைசியில் சொல்வார். பத்து நாள்தான் என்னிடம் படித்தாய், பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது, யாரோ ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேறொரு நாட்டில், என் வாய்ப்பாட்டைச் சொல்லிவிட்டு வண்டியை எடுக்கிறாய். சித்திக்குப் போன் போட்டு, அந்த இடத்தில் நீ என்ன முணுமுணுக்கிறாய் என்று கேட்டேன். "ஏதோ பாட்டு போலிருக்குக்கா" என்றாள். ஆமாம், பாட்டுத்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன். அது உனக்கும் எனக்கும் இருக்கட்டும், அவளுக்குக் கொடுக்க மனசில்லை.

வண்டி விஷயம். வாங்கு என்றும் எழுத மாட்டேன், வேண்டாம் என்றும் எழுத மாட்டேன். இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு நான் பயப்படவில்லை, நெடுஞ்சாலையில் ஓடிய இரண்டு லட்சம் ஊருக்குள் நின்று நின்று ஓடிய அறுபதாயிரத்தைவிட மேல். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலையில் போய் நில். முதலில் பானட் மேல் உள்ளங்கையை வை, சில்லென்று இருந்தால் ஸ்டார்ட் பண்ணு, வெதுவெதுப்பாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வா. சர்வீஸ் புத்தகத்தில் கியர் ஆயில் மாற்றிய நாள் இருக்கிறதா பார். இரவெல்லாம் நின்ற வண்டி நாலு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கிறதா, அடியில் இருக்கிற காற்றுப் பை இறங்கி ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார், இந்த வண்டிகளுக்கு அந்த வியாதி உண்டு. அதற்கு விளக்கு ஒன்று போனால்கூட நம் ஸ்கூல் வண்டிக்கு என்ஜின் மாற்றுகிற செலவு வரும், அதையும் மனசில் வைத்துக்கொள். இவ்வளவும் பார்த்தபின் உனக்குத் தோன்றுவதைச் செய். இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன்னால் ஒன்று எழுதினேன், அதில் நாலு பக்கமும் வேண்டாம் வேண்டாம் என்றுதான் இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். காலை மடக்கித்தான் வைத்திருக்கிறேன் கண்ணு.

நேரத்துக்குச் சாப்பிடு, இருமல் திரும்பினால் அலட்சியமாக இருக்காதே, அப்பா சொன்ன மருந்தின் பேரைத் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எந்த வண்டியில் போனாலும் நல்லபடியாகப் போய் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும், அதுதான் நாங்கள் இருவரும் நாள்தோறும் வேண்டிக்கொள்வது. பானட்டை மறக்காதே. இன்னும் ஒன்றே ஒன்று. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் முடிவை என்னிடம் முதலில் சொல். உன் சித்திக்கு ஒரு மணி நேரம் கழித்துச் சொன்னால் போதும். ஒரு மணி நேரம் முடியாது என்றால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்குள் நானே அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன்.

என்றும் உன் பக்கத்து சீட்டில்,
அம்மா