இன்ஷூரன்ஸிலிருந்து போன் வந்தால்

ஏங்க,

தூங்கிக்கொண்டிருந்தீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. மூடியை இறுக்கவில்லை, லேசாகத் தள்ளினாலே திறக்கும்.

பதினோரு மணிக்கு இன்ஷூரன்ஸிலிருந்து போன் வரும். உங்கள் மூட்டு வலி இந்த மலிவு மாத்திரைக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தால்தான், டாக்டர் சொன்ன ஊசிக்கு அவர்கள் பணம் தருவார்களாம். அதுதான் விதி. கைக்காசு போட்டு வாங்க என் சம்பளம் மொத்தமும் போதாது.

போன மாதம் இதே இன்ஷூரன்ஸ் ஆள் "எப்படி சார் இருக்கீங்க?" என்று கேட்டதற்கு, "பரவால்லீங்க, நல்லா இருக்கேன். நீங்க சாப்டீங்களா?" என்றீர்களாம். மாத்திரை வேலை செய்கிறது என்று எழுதி மூடிவிட்டார்கள். நேற்று கிளினிக்கில் சொல்லித்தான் எனக்கே தெரியும். டாக்டர் மறுபடி எழுதிக் கேட்டதால் இன்று கூப்பிடுகிறார்கள்.

இன்றைக்கு ஒரு நாள் மரியாதை பார்க்காதீர்கள். உங்கள் சட்டைப் பட்டனை நான்தான் போட்டுவிடுகிறேன் என்பதைச் சொல்லுங்கள். டம்ளர் கை நழுவியதைச் சொல்லுங்கள். ராத்திரி தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பதையும் சொல்லுங்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா?

நேற்று நான் கத்தியது இதற்குத்தான். இப்போது கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வெளியே போனால் பூட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். சும்மா சாத்திவிட்டுப் போங்கள், பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று. சாயங்காலம் வந்து நானும் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். எனக்கு மட்டும் "பரவால்ல" என்று சொல்லுங்கள்.