பாதியில் மூட முடியாத புத்தகம்

லேக் மார்க்கெட், கொல்கத்தா

அன்பு மகள் வித்யாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டி மஹிமாவும் அந்தக் கனடாக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க முருகன் துணை இருக்கட்டும். வாட்ஸப்பில் சொல்லியிருக்கலாமே என்பாய். இது எனக்குப் போனில் சொல்ல வராது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. துர்கா பூஜைக்காகத் தெருமுனையில் பந்தல் மூங்கில் கட்டிவிட்டார்கள், ஆட்டோ உள்ளே வருவதில்லை, கண் ஊசிக்குப் போகிற நாளில் அம்மாவை மெயின் ரோடு வரை கைபிடித்துத்தான் நடத்திப் போகிறேன். இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் ஊசி, இனி எழுத்துப் படிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்து சேலை மாற்றிக்கொண்டு, இனிமே நீங்கதான் வாசிச்சுக் காட்டணும் என்றாள். துறைமுகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் சரக்கு ரிப்போர்ட் தவிர வேறெதையும் படிக்காத ஆள் நான், இப்போது மத்தியானச் சாப்பாடு ஆனதும் ஜன்னலோரம் உட்கார்ந்து அவளுக்குக் கதை வாசிக்கிறேன். அண்ணா இந்த வயசில் வாத்தியார் ஆகிவிட்டார் என்று கீழ்வீட்டு மேக்னா கேலி செய்கிறாள்.

போன மாதம் தமிழ்ச் சங்கத்து நூலகத்தில் நடராஜன் ஒரு நாவல் எடுத்துக் கொடுத்தார். தாமிரபரணிக் கரையில் நடக்கிற குடும்பக் கதை, உங்க ஊர்ப் பக்கம், அண்ணிக்குப் பிடிக்கும் என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, அவரும் அதைப் படித்திருக்கவில்லை. முதல் பாதி நன்றாகவே போயிற்று, வயல் தகராறு, சம்பந்தி சண்டை, அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் ஒருநாள் பக்கத்தைத் திருப்புகிறேன், அந்த வீட்டுப் பிள்ளை குளிக்கப் போய் ஆற்றோடு போய்விடுகிறான். கிடைத்த உடம்பைப் பற்றி ஆசிரியர் ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறார். வாய் ஒரு வரியில் இருக்கும்போதே கண் முன்னால் ஓடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. அத்தனையையும் தள்ளிவிட்டுக் காரியம் முடிந்த இடத்திலிருந்து வாசித்தேன். பக்கத்தைத் தள்றீங்க என்றாள் அம்மா. இல்லையே என்றேன். கண்ணுதான் போச்சு, தாள் பொரள்ற சத்தம் கேக்கு என்றாள்.

இந்த மாதிரிப் புத்தகம் நமக்கு எதற்கு, திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினேன். அவள் வாசல் வரை சுவரைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டாள். அதையும் குடுத்திட்டா நான் யாரைக் கேக்கது, நீங்க சொல்ல மாட்டீங்க என்றாள்.

உனக்குத் தெரியும், உன் தம்பி திகாவில் குளிக்க இறங்கிக் கடலோடு போனபோது நீ கனடாவில் இருந்தாய், டிக்கெட் கிடைத்து நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அடையாளம் காட்ட நான் ஒருவன்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்குப் பெட்டியாகத்தான் வந்தான். திறக்க வேண்டாம் என்று எல்லோரும் தடுத்தார்கள், அம்மா பலகை மேல்தான் கை வைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவளுக்குத் தாங்காது என்று நானும் சொன்னதில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். தூங்குகிற மாதிரி இருந்தான் என்று ஆரம்பித்தேன். பொய் சொல்லாதீங்க என்றாள். முகம் அவன் முகமாக இல்லை, வித்யா. போலீஸ்காரர் துணியை விலக்கினதும் இது என் பையன் இல்லை என்று சத்தமாகவே சொன்னேன், ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு கால்பக்கத் துணியை எடுத்தார். பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம், அச்சாக உன் அம்மாவின் கால். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டுதான் ஆமாம் என்றேன். இதையெல்லாம் அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் தன் காலை மடக்கி அந்த விரலைத் தடவிக்கொண்டே இருந்தாள், அப்புறம் ஓவென்று அழுதாள், மேக்னா பயந்துபோய் மாடியேறி ஓடி வந்துவிட்டாள். பெட்டி வந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

இனி அந்தப் புத்தகத்தைத் தொட மாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் சாப்பிட்டதும் அவளே தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வேண்டாமே சங்கரி, இத்தோடு விட்டுவிடுவோம் என்றேன். அந்தப் பிள்ளையப் பெத்தவ இன்னும் ஆத்தங்கரையிலேயே நிக்கா, நாம மூடிட்டா அவளை யாரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவா என்று கேட்டாள். தள்ளிய பக்கத்திலிருந்தே மறுபடி வாசித்தேன். என் குரல் நின்றபோதெல்லாம் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். நேற்று முடித்தோம். அந்தத் தாய்க்கு நல்லது ஒன்றும் நடந்துவிடவில்லை, ஒருநாள் சாயங்காலம் எழுந்து வீட்டுக்குப் போய் உலை வைக்கிறாள், அவ்வளவுதான். நல்லா எழுதியிருக்காரு என்றாள் அம்மா.

இப்போதெல்லாம் உன் தம்பி பேரைச் சொல்கிறாள். பூக்கோஸ் வாங்கினால் குமரவேலுக்குப் பிடிக்குமே என்கிறாள். பாதி நாள் அழுகையில்தான் முடிகிறது, ஆனாலும் சொல்கிறாள். நீ தைராய்டு மாத்திரையை மறக்காமல் போடு, மஹிமாவிடம் வீட்டிலாவது தமிழில் பேசு. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அம்மா உன்னிடமும் தம்பியைப் பற்றிப் பேசுவாள், பயந்துபோய்க் குழந்தையிடம் போனைக் கொடுத்துவிடாதே, அழுகை வந்தால் அவளோடு சேர்ந்து அழு. நீயும்தான் அவனைப் பார்க்கவில்லை. கேட்க ஏதாவது இருந்தால் என்னைக் கேளம்மா, நான் சொல்கிறேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டு வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

உன் அப்பா,
மருதமுத்து