மீன்தலை தின்ற ரோஜா

கோபாலபுரம்

அன்பு மகள் ஷண்முகப்ரியாவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் என் முட்டிவலியும் ஒருவரை ஒருவர் சமாளித்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். உன் தோழி ஸஹானா டொராண்டோ கிளம்புகிறாளாம், அவளிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொன்னால் மாடிவீட்டுக் கோதண்டபாணி காதில் விழும், விழுந்தால்தான் என்ன, ஆனாலும் ஆசை தீர ஒருமுறை எழுதவேண்டும் போலிருக்கிறது.

உனக்குத்தான் தெரியுமே, விடிந்தும் விடியாமலும் அந்த மனுஷர் பிளாஸ்டிக் கவரோடு இறங்கிவந்து நம் தொட்டி ரோஜாவை மொட்டோடு பறித்துப் போவார். கேட்டால், சாமிக்குத்தானேம்மா, சாமி பூவுக்கெல்லாம் கேட்டுட்டா பறிப்பாங்க என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் திதியன்று அப்பா படத்துக்கென்று விட்டுவைத்திருந்த ஒற்றைப் பூவையும் கொண்டுபோய்விட்டார் ப்ரியா. மேலே ஏறிப் போய்க் கேட்டேன், செத்தவங்களுக்கு எதுக்கும்மா இவ்வளவு நல்ல பூ என்றார். இந்தச் சொல்லை நான் சும்மா விடுவேனா?

தொட்டியில் இருந்த செடிகளைத் தரைக்கு மாற்றினேன். அந்த மனுஷர் ஆசைப்பட்டு ஆசைப்பட்டுப் பறிக்கிற மாதிரி பூக்கவைக்கிறேன் பார் என்று கறுவிக்கொண்டேதான் செய்தேன். மதில் ஓரம் தோண்டினால் அது மண்ணா, வீடு கட்டினபோது கொட்டின செங்கல்லும் சிமெண்ட் கட்டியும்தான். முழங்கை ஆழத்துக்கு எல்லாவற்றையும் வாரிப் போட்டு, குழியை வெயிலில் ஆறவிட்டு, மீன்காரி வேலம்மாவிடம் தலை, செதில், குடல் எல்லாம் எடுத்துவைக்கச் சொன்னேன். இன்னாக்கா, பூனை எதுனா வளக்கிறியா என்று சிரித்தாள். ரோஜா வளர்க்கிறேன் என்றேன். அந்த மீன்கழிவைக் குழிக்கு அடியில் போட்டு, நாய் பூனை தோண்டாமலிருக்க வேப்பம்புண்ணாக்கு தூவி, செம்மண், மணல், மக்கின சாணி, எலும்புத்தூள் எல்லாம் கலந்து நிரப்பினேன். நீயும் அங்கே வைப்பதானால் ஒட்டுப்போட்ட இடத்தை மண்ணுக்குள் புதைத்துவிடாதே, இங்கே அப்படித்தான் ஒரு செடியில் காட்டு ரோஜா முளைத்துத் தொலைத்தது.

பூத்தது பார், உள்ளங்கை அகலம்! அவரும் விடவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. வெங்காயம்கூடச் சேர்க்காத அவர் வீட்டில் தினமும் அந்தப் பூ சாமி தலையில் ஏறியது. முருகனிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், இது உனக்கில்லையப்பா, அவருக்கு என்று. கிருத்திகை பூஜைக்கு எல்லா வீட்டையும் கூப்பிட்டிருந்தார். இவ்வளவு பெரிசா பூக்க என்ன உரம் போடறீங்க என்று எதிர்வீட்டம்மா என்னைக் கேட்டாள். கேட்டால் சொல்ல வேண்டாமா? வஞ்சிரம் தலை, சுறாக் குடல், எலும்புத்தூள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் கற்பூரத் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டார். சாமிக்குத்தானே சார் என்றேன். என் மனசு குளிர்ந்தது. ஐயோ பாவம் என்று நீ பதில் எழுதினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அதோடு ஆள் செடிப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அப்பா படத்துக்கு இப்போது தினமும் நம் பூதான். நேற்று அவர் பெண்டாட்டி தேவானை தனியாக இறங்கி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவளோ குரலைத் தாழ்த்தி, கல்யாணமாகி வந்ததுலேர்ந்து ஒரு ரோஜா என் தலைக்கு வந்ததில்லக்கா, எல்லாம் சாமிக்கு சாமிக்குன்னு போயிடும், இனிமே அது சாமிக்கு ஆகாதுல்ல, எனக்கு ஒண்ணு குடுங்களேன் என்றாள். இருப்பதிலேயே பெரியதைப் பறித்து நானே அவள் கொண்டையில் வைத்துவிட்டேன். தினமும் வா என்று சொல்லியிருக்கிறேன். இனி தினமும் அந்தப் பூ அவர் கண்ணெதிரே வீட்டுக்குள் நடமாடட்டும்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்கவேண்டும். குல்லா போடாமல் பனியில் குப்பை கொட்டப் போகாதே.

உன் அம்மா,
ஸ்வர்ணலதா