பொங்காத பால்

அன்புள்ள துணைவிக்கு,

அலுவலகம் புறப்பட்டுவிட்டேன். பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன், அருள்கூர்ந்து அருந்தவும்.

நேற்று நான் தியானத்தில் இருந்தபோது பால் பொங்கிப் பாத்திரம் கருகியது. “மூச்சு உள்ள போனா ‘ஸோ’, வெளிய வந்தா ‘ஹம்’, அதுவே நான்னு அர்த்தம் சொன்னீங்களே! அப்ப கருகின பாலும் நீங்கதானா, சாமியாரே?” என்றாய். நான் கோபித்துச் சாப்பிடாமல் படுத்தது தவறு.

இன்று அடுப்பின் எதிரிலேயே அமர்ந்து ஜபித்தேன். பால் விளிம்புக்கு ஏறும் ஓசை மந்திரத்தினூடே கேட்டது. கண் திறந்து அணைத்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். சாட்சிக்காக அடுப்பைத் துடைக்காமல் விட்டிருக்கிறேன்.

பி.கு.: சாவி வழக்கமான ஆணியில்.

இன்னொன்று: கருகிய பால் நான்தான். அதைத் தேய்த்துச் சிவந்த உன் கையும் நான்தான் என்று இன்று விளங்கியது. ஆதலால் பாத்திரங்களைத் தொடாதே. மாலையில் வந்து நானே தேய்க்கிறேன்.